சுவாமி வாசிக்கிறார், டீச்சர் எழுதுகிறார்... அம்மாவுக்கு விளங்குகிறதா?

திருப்பலியின் கடைசி ஆசீருக்கு முன் சுவாமி ஒரு தாளைக் கையில் எடுப்பார். பிரசங்கத்துக்குக் கிடைக்காத கவனம் அந்தத் தாளுக்குக் கிடைக்கும். புத்தளம் மாவட்டக் கரையோரக் கோவில்களில் வாசலுக்கு வெளியே நின்று பூசை காணும் ஆண்கள்கூட அப்போது இரண்டு அடி உள்ளே வருவார்கள். கலியாண அறிவித்தல், இறந்தவர்களுக்கான பூசை, இந்தக் கிழமை நவநாள் யாருடைய முறை, கோவில் வளவில் சிரமதானம். இவற்றுக்கு நடுவே பள்ளிக்கூடச் செய்திகளும் வந்துவிடும். முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழை நேரத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்; ஐந்தாம் தரப் பெற்றோருக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம்; இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை போட ஆள் வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் கோவிலுக்குச் சொந்தமில்லை. அறுபது வருடங்களுக்கு மேலாக அது அரசாங்கப் பாடசாலை. சுற்றுநிருபம் வருவது சிலாபம் அல்லது புத்தளம் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து. பெயர்ப் பலகையில் ரோமன் கத்தோலிக்க என்பதைக் குறிக்கும் 'ரோ.க.' என்ற இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். ஊர்ச்சனத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் நிற்கின்றன, ஒரே மணிச் சத்தம் கேட்கிறது, ஆகவே செய்தியும் ஒரே வாயிலிருந்து வரவேண்டும் என்பது அவர்களுடைய நியாயம்.

இந்தக் கரையில் பெற்றோருக்கு என்ன சொல்லப்படுகிறது, எந்த மொழியில் சொல்லப்படுகிறது, அவர்கள் கரையில் இருக்கும் நேரத்தில் சொல்லப்படுகிறதா என்பவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஊர் ஊராக மக்களின் மொழியே மாறிப்போனது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களால்தான்.

ரோ.க. என்ற இரண்டு எழுத்து

நீர்கொழும்பைத் தாண்டி மஹா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம். வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று கடலோரமாக வடக்கே போய், களப்பைச் சுற்றிக் கற்பிட்டியில் முடிகிறது கரை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 7.6 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு மூன்று பேர் கத்தோலிக்கர். மன்னாரை விட்டால் இலங்கையில் இவ்வளவு கத்தோலிக்க விகிதம் உள்ள மாவட்டம் வேறில்லை. சிலாபம் தனி மறைமாவட்டமானது 1939 இல். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நாடு முழுவதிலுமிருந்து சனம் திரண்டு வரும். அந்த நாட்களில் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களின் வரவு இடாப்பு எப்படி இருக்கும் என்று எந்த அதிபரும் சொல்லுவார்.

இங்கே பள்ளிக்கூடமும் சமயமும் பிணைந்த கதை ஒல்லாந்தர் காலத்திலேயே இருக்கிறது. அவர்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கினார்கள்; பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் போட்டார்கள். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் பள்ளிக்கூடத் தோம்பிலேயே பதிவாயின. அதே காலத்தில் கத்தோலிக்கக் குருமார் ஒளித்து ஒளித்துத்தான் நடமாட வேண்டியிருந்தது. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து, பிறகே கண்டிக்குப் போனார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தது பலருக்கும் நினைவிருக்கும். அவருக்குப் பின் வந்த ஜாக்கொமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, 1742 இல் போலவத்தையில் இறந்தார். கரையோரச் சனத்துக்கு இரண்டு மொழியும் வேண்டும் என்பது முன்னூறு வருடங்களுக்கு முந்திய ஒரு கோவாக்காரருக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய சில அலுவலகங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமலமரித் தியாகிகள் வந்த பிறகு கோவிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பது வழக்கமாயிற்று. ஆயர் பொஞ்சீன் இதில் பிடிவாதக்காரர். கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில், கத்தோலிக்க ஆசிரியரிடம் படிக்கவேண்டும் என்று ஆங்கிலேய அரசோடு வாதாடியவர். பத்திரிகையின் பலம் தெரிந்தவர். 1876 இல் யாழ்ப்பாணத்தில் 'சத்தியவேத பாதுகாவலன்' அவர் காலத்தில்தான் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1841 இல், கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 'உதயாதித்தன்' என்ற தமிழ் மாத இதழை நடத்தினார். தமிழில் சேதி எழுதும் கலைக்கு இந்தக் கரை புதியதல்ல என்று சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பிறகு வந்தது பாடசாலை சுவீகரிப்பு. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசாங்கத்திடம் கொடுத்தது. 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டம் கட்டடத்தையும் காணியையும் கொடுத்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பிரதமர், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். கத்தோலிக்கப் பெற்றோர் இரவும் பகலும் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே குடியிருந்து மறித்தார்கள். தாய்மார் அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே செபமாலை சொன்னார்கள். கடைசியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து பேசிய பிறகே, 1961 ஜனவரியில் அந்த மறியல் முடிவுக்கு வந்தது. தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிய ஒரு முடிவுக்காகப் பெற்றோர் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வீதிக்கு வந்தது இலங்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தச் சண்டையின் ஒரு தடயம் இன்றும் முதலாம் தர அனுமதிச் சுற்றுநிருபத்தில் கிடக்கிறது. பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்குப் பாதி இடம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் கால்வாசி, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 சதவீதம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதே சுற்றுநிருபத்தில், சுவீகரிக்கப்பட்ட பாடசாலைகளில் அன்று எந்தச் சமயப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ, அந்த விகிதம் இன்றும் கவனிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துவையுங்கள் என்று சுவாமி பூசையில் நினைவூட்டுவது இதனால்தான். எத்தனை பெற்றோர் அந்தப் பகுதியை வாசித்திருக்கிறார்கள்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டுக்கு அலையும் போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது.

மொழி மாறிய விதம்

சுவீகரிப்புக்கு ஊரே திரண்டது. ஆனால் அதற்கு முன்பே, சத்தமில்லாமல், அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இதே பள்ளிக்கூடங்களில் தொடங்கியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்கொழும்புக்கு வடக்கே சிலாபம் வரையும் அதற்கு அப்பாலும் மீனவக் கத்தோலிக்கக் கிராமங்களில் தமிழே பேச்சுமொழி. செபம் தமிழில், பாஸ்கு தமிழில், பள்ளிக்கூடமும் தமிழில். 1940 முதல் 1972 வரை சிலாபத்து ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் சிங்கள இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனா மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதில் அவருடைய பங்கு பெரியது என்று இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதற்குப் பெற்றோர் மறியல் செய்ததாக எங்கும் படித்ததில்லை.

ஆயர் ஒருவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். அது முழுக்கதை ஆகாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. கடற்றொழிலை விட்டுக் கந்தோர் உத்தியோகத்துக்குப் பிள்ளை போகவேண்டும் என்று ஆசைப்பட்ட தகப்பனுக்குக் கணக்கு எளிதாகவே தெரிந்தது. 1958 இலும் 1983 இலும் இனக்கலவரம் வந்தபோது பஸ்ஸில் தமிழில் கதைப்பதே ஆபத்தாயிற்று. தாய் தகப்பன் தாங்களாகவே பிள்ளையைச் சிங்கள வகுப்பில் விட்ட குடும்பங்கள் ஏராளம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஐந்து வயதில் பிள்ளை எந்த மொழியில் எழுத்துப் பழகுகிறதோ, இருபது வருடத்தில் அந்த வீட்டின் மொழி அதுவாகிவிடும். இந்தக் கரை அதற்கு நல்ல அத்தாட்சி. பாட்டன் தமிழர் என்றும் பேரன் சிங்களவர் என்றும் பதிவான குடும்பங்கள் இங்கே ஆச்சரியத்துக்குரியவை அல்ல.

ஸ்டீவன் பொன்டா என்ற அமெரிக்க மொழியியலாளர் நீர்கொழும்பு மீனவர் பேசும் தமிழை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிங்களத்தின் நெருக்கத்தால் அந்தத் தமிழின் வினைமுற்றுகள்கூட மாறிவிட்டன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நம்முடைய பண்டிதர்கள் அதைக் கொச்சைத் தமிழ் என்று ஒதுக்குவார்கள். இத்தனை நெருக்கடிக்குப் பிறகும் தமிழாகவே நிற்கிறதே என்று எனக்குத் தோன்றும்.

இதன் விளைவை இன்று ஒரு வீட்டுத் திண்ணையில் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கொப்பியைத் திறக்கிறது. ஒரு ஏ4 தாளில் ஒரே அறிவித்தலை நான்கு முறை அச்சடித்து, அடிமட்டம் வைத்துக் கிழித்து, பசை பூசி ஒட்டியிருக்கிறார்கள். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டில் பரீட்சையே தள்ளிப்போன நாட்டில் இப்படிச் சிக்கனம் பிடிப்பதில் தப்பில்லை. ஓரம் நேராக இல்லை. கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே பெற்றோர் ஒப்பத்துக்குப் புள்ளிக் கோடு. தாள் முழுக்கச் சிங்களம். தகப்பன் கடலில். தாய் கருவாட்டு வாடியில். வீட்டில் இருப்பது அம்மம்மா. அவருக்குத் தமிழ்ச் செபப் புத்தகம் மனப்பாடம், சிங்களம் கதைக்கவும் வரும், ஆனால் வாசிக்க வராது. பிள்ளையே வாசித்து, பிள்ளையே விளக்கி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தையும் பிள்ளையே காட்டுகிறது. அந்த அறிவித்தல் பிள்ளையின் வரவு குறைந்ததைப் பற்றியதாக இருந்தால், அந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு நேர்மையாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வடக்கே கற்பிட்டிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே தமிழ் மொழிப் பாடசாலைகள் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. 'ரோமன் கத்தோலிக்க' என்று பெயர்ப் பலகை உள்ள வளவுக்குள் முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் வருவது இந்தக் கரையில் யாருக்கும் புதினமில்லை. அங்கே சுவாமியின் அறிவித்தல் எல்லாப் பெற்றோருக்கும் எட்டாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோவில் ஒலிபெருக்கியும் ஒரே கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தால் நன்றாக இருக்கும். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் 2019 மே மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

அறிவித்தல் நின்ற நாட்கள்

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மாவட்ட எல்லைக்குத் தெற்கே, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் கோவிலுக்குள் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பிள்ளைகள் ஏராளம். வென்னப்புவ, மாரவில, சிலாபம் எங்கும் உறவுக்காரர் இல்லாத வீடில்லை. இரண்டாம் தவணைக்குப் பாடசாலை திறப்பது தள்ளிப்போனது. அரசாங்கம் முதலில் மேல் வகுப்புகளை மே 6 இல் திறந்தது. பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். பல வகுப்பறைகளில் வாங்குகள் வெறுமையாக இருந்தன. கத்தோலிக்கத் தனியார் பாடசாலைகள் இன்னும் பிந்தியே திறந்தன. வாசலில் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பெற்றோரே முறைபோட்டுச் சோதித்த காலம் அது.

அப்போது செய்தி வரும் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டன. ஞாயிறு பூசை இல்லை. ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்திலிருந்து திருப்பலி ஒப்புக்கொடுக்க, சனம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கி, திறந்து, திரும்பவும் முடக்கியது. பூசை மேடையிலிருந்து அறிவித்தல் இல்லை. தொலைபேசியில் குழுமம் இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று கேட்க மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டைத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

வதந்திக்கு இதைவிட நல்ல வயல் வேறென்ன வேண்டும்? மே 12 அன்று சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரிப் பதிலை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல்லெறி விழுந்தது. ஊரடங்கு போட்டார்கள். கடைக்காரரைப் பொலிஸ் கைது செய்தது. மறுநாள் கலவரம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. இந்த மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியை அவருடைய வீட்டு வளவிலேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த ஒரே குற்றம் முஸ்லிமாக இருந்தது.

கும்பலைக் கிளப்பியவர்கள் வேறு, அவர்களுடைய நோக்கம் வேறு. அறிவித்தல் ஒழுங்காக வந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் அதிபரும் சுவாமியும் மௌலவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாள் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பியிருந்தால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு வாயால் வந்த கதைகளையெல்லாம் நம்பிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தாய்மாருக்குப் பிடிக்க ஒரு கொம்பாவது கிடைத்திருக்கும்.

இப்போது குழுமங்கள் திரும்ப வந்துவிட்டன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வட்ஸ்அப் குழுமம். அதில் ஆசிரியை போடும் ஒரு செய்திக்கு நாற்பது கும்பிடும் கை, பத்து 'குட் மோர்னிங்' ரோசாப்பூ, நடுவில் யாரோ விற்கும் சுருட்டை முடி எண்ணெய். தேடி எடுக்கிறவர் பாடு பெரும்பாடு. புலமைப்பரிசில் காலத்தில் கேட்கவே வேண்டாம். 2024 செப்டெம்பர் 15 அன்று ஐந்தாம் தரப் பரீட்சையை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்திருந்தன. மறுபரீட்சை உண்டு என்றார்கள், இல்லை என்றார்கள், வழக்கு என்றார்கள். டிசம்பர் 31 இல் உயர் நீதிமன்றம் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொன்ன பிறகே விவகாரம் அடங்கியது. அந்த மூன்றரை மாதமும் பத்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் நம்பியிருந்தது யாரோ யாருக்கோ முன்னனுப்பிய குரல் பதிவுகளை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நாடெங்கும் பாடசாலைகளை மூடியபோதும் திறக்கும் திகதி பற்றி இதே கூத்துத்தான்.

காற்றுக்கும் கூட்டத்துக்கும்

மொழி ஒரு பக்கம். நேரம் இன்னொரு பக்கம்.

மேற்குக் கரையில் வாடைக் காலம்தான் உழைப்புக் காலம். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கடல் வசப்படும். மே பிறந்து கச்சான் எழும்பிவிட்டால் கடல் முரடாகும். வள்ளத்தையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போடப் போகிறவர்கள் உண்டு. வாடைக் காலத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் குடும்பங்கள் கற்பிட்டிக்கும், அதற்கு அப்பால் பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கும் போகும். குடும்பத்தோடு போனால் பிள்ளையின் வரவு இடாப்பில் வெற்றிடம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனால் கூட்டத்துக்கு வர ஆளில்லை.

நம்முடைய பாடசாலைத் தவணைக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஜனவரியில் தொடங்குகிறது, டிசம்பரில் முடிகிறது. கட்டாயக் கல்விச் சட்டவிதி 1998 இலிருந்து 5 முதல் 14 வயதுவரை என்று இருந்து, 2016 இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. சட்டம் பெற்றோரைக் கேட்கிறது: பிள்ளை ஏன் வரவில்லை? அந்தத் தகப்பனும் திருப்பிக் கேட்கலாம்: நான் ஊரில் இல்லாத மாதத்தில் கூட்டம் வைத்தால் நான் எப்படி வருவது?

கூட்டம் வைக்கும் நாளும் அப்படித்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வேலை நாளில், காலையில். இரவெல்லாம் வலைபோட்டுவிட்டு விடிய வந்தவன் அந்த நேரம் மீனை ஏலத்தில் நிறுத்திக்கொண்டிருப்பான், அல்லது நித்திரையில் இருப்பான். கூட்டத்துக்கு வருவது தாய்மார்தான். முடிவெடுக்கும் போது "இவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழும்பிப் போவார்கள். அதிபர் அறிக்கையில் 'பெற்றோர் ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதுவார்.

கத்தோலிக்க மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கிழமையில் எல்லா ஆண்களும் குளித்து, சேர்ட் போட்டு, கரையில் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் ஞாயிறு பூசை முடிந்த பின் உள்ள அரை மணித்தியாலம். பள்ளிக்கூடமோ அதே வளவில் இருக்கிறது. தவணைக்கு ஒருமுறை, அந்த அரை மணித்தியாலத்தைப் பாவித்தால் என்ன? கடைப்பிடிக்க ஐந்து சதமும் செலவாகாத யோசனை இது. ஆசிரியர்களின் ஓய்வு நாளைப் பறிப்பதா என்ற நியாயமான முணுமுணுப்பு வரும்; அதற்கு ஈடாக வேறொரு நாளில் அவர்களை நேரத்தோடு விடலாம். முஸ்லிம் பெற்றோரும் உள்ள பாடசாலையில் பூசையோடு கூட்டத்தைக் கோக்க முடியாது. அங்கே அதே ஞாயிறு பின்னேரம் பொருந்தும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைக்கும் அதிபரை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பணம் கேட்கும் அறிவித்தலுக்கும் இதே விதிதான் சொல்வேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த மாதங்களில் வகுப்புக்கு நிறம் பூச, மின்விசிறி வாங்க என்று வந்த தாள்களைக் கண்டு பிள்ளையையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் விட்ட வீடுகள் உண்டு. கொடுக்க முடியாதவர் கொடுக்கத் தேவையில்லை என்ற ஒரு வரி, தமிழில், தாளின் அடியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வந்திருப்பார்கள்.

கேட்பதற்கு உரிமை இருக்கிறது

சிறுபான்மை மொழிப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் தாள் அனுப்புவது உலகத்தில் யாரும் செய்யாத காரியமல்ல. வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு கட்டித் தொங்கவிட்டார்கள். இன்று அதே நாட்டில் பொது நிறுவனங்கள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் மக்களோடு தொடர்புகொள்வது சட்டக் கடமை.

இலங்கையில் அப்படிச் சட்டம் இல்லை என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் 16 ஆவது திருத்தம் அதை விரித்தது. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தரிடமிருந்து தமிழிலோ ஆங்கிலத்திலோ அறிவித்தல் பெறுவதற்கு உரித்துடையவர் என்று சொல்கிறது. அரசாங்கப் பாடசாலையின் அதிபரும் அரச உத்தியோகத்தரே. கொப்பியில் ஒட்டிய அந்தத் தாளும் அறிவித்தலே.

தமிழ் ஆசிரியர் இல்லை, தமிழ்த் தட்டச்சுத் தெரிந்தவர் இல்லை என்று பதில் வரும். பூசைப் புத்தகத்தைத் தமிழில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும், மறைக்கல்வி படிப்பிக்கும் இளம்பெண்களும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். ஒரு அறிவித்தல் ஆறு வரி. எழுதிக் கொடுக்க அரை மணித்தியாலம் போதும். சுவாமிமாருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு காலத்தில் இந்தக் கரையின் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழை எடுத்துவிட்டதில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. இப்போது ஆறு வரியைத் திருப்பிக் கொடுப்பது பெரிய பாரமல்ல.

பெற்றோருக்கு: அடுத்த தவணைக் கூட்டத்துக்குப் போகும்போது, கொப்பியில் ஒட்டியிருக்கும் கடைசித் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். இதைத் தமிழிலும் தாருங்கள் என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.